தூங்கும் சிவப்புப் பாண்டா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மே மாத விடுமுறையில் குடும்பத்துடன் டார்ஜிலிங் சென்றிருந்தோம். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் ஊரிலிருந்து புறப்பட்ட நாள் முதல் சிவப்புப் பாண்டாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். உயிரியல் பூங்காவுக்குள் நாங்கள் நுழைந்தபோது நண்பகலாகிவிட்டது. பாண்டா ஒரு கிளைமேல் வயிறு படியப் படுத்து, நான்கு கால்களையும் தொங்கவிட்டபடி தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தினர் கைதட்டியும் சீழ்க்கையடித்தும் பார்த்தார்கள், அது அசையவில்லை. மகள் அழுதுவிட்டாள். அது எப்போதுமே இப்படித்தானா? வண்டலூரில் குளிரூட்டிய கூடம் ஒன்று அமைத்து வைத்தால் நம் பிள்ளைகளும் நிதானமாகப் பார்க்கலாமே?

செ., திருமங்கலம்

அன்புள்ள செ. அவர்களுக்கு,

உங்கள் மகள் பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறாள். அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லாமற்போனதே எனக்கு வருத்தம்.

சிவப்புப் பாண்டா ஊனுண்ணிகளின் வரிசையைச் சேர்ந்தது. அதன் குடலும் ஊனுண்ணிக்குரிய குட்டையான குடல்தான். ஆனால் அது உண்பதோ பெரும்பாலும் மூங்கிலின் இலையும் இளங்குருத்தும். ஆடுமாடுகளைப்போல் அசைபோட்டுச் செரிக்கும் இரைப்பை அதற்கு இல்லை என்பதால், தின்ற மூங்கிலில் ஏறத்தாழக் கால் பங்குதான் உடலில் சேர்கிறது. மிச்சம் சில மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது. இவ்வளவு குறைந்த வரவை வைத்துக்கொண்டு குளிர்மலையில் உயிர்வாழ வேண்டிய பிராணி செலவைச் சுருக்கியே ஆகவேண்டும். அது தின்னும், தூங்கும், மறுபடியும் எழுந்து தின்னும். சோம்பல் என்று நாம் நினைப்பது அதன் பிழைப்பு.

நீங்கள் எழுதியிருக்கும் படுக்கை நிலையிலும் ஒரு செய்தி உண்டு. குளிர் மிகுந்த நேரத்தில் அது உடலைச் சுருட்டி, வளையம் வளையமாக நிறம் மாறும் நீண்ட வாலை முகத்தின்மேல் போர்த்திக்கொண்டு தூங்கும். வெப்பம் ஏறினால் கால்களைத் தொங்கவிட்டு வயிற்றைக் கிளையில் படியவைத்து, உடற்சூட்டை வெளியேற்றும். டார்ஜிலிங் பூங்கா ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் ஸ்வெட்டரைத் தேடும் அந்த இடத்திலும், உள்ளங்கால் வரை ரோமம் மூடிய அந்த உயிருக்கு மே மாத நண்பகல் வெக்கையாகவே இருந்திருக்கும். இதைச் சொன்னால் உங்கள் மகளுக்கு நிச்சயம் புரியும். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவாக இவற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அதை எழுப்பக் கைதட்டியவர்கள் செய்தது தவறு. அதைத் தூங்க விடுவதே நல்ல பூங்காவுக்கு அழகு. விழித்திருக்கும்போது பார்க்க விரும்புகிறவர்கள் காலையில் பூங்கா திறந்தவுடன் செல்ல வேண்டும், அல்லது மாலை சாயும் நேரத்தில் பேசாமல் காத்திருக்க வேண்டும். அந்தியும் சந்தியும்தான் அது நடமாடும் பொழுதுகள். அப்போது, மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு பெருவிரல்போல் உதவ, அது மூங்கில் கொத்தை முன்னங்காலில் பற்றிக்கொண்டு இலைகளை ஒவ்வொன்றாகக் கடிப்பதைப் பார்க்கலாம். கணுக்காலைத் திருப்பி, தலைகீழாக மரத்திலிருந்து இறங்குவதையும் பார்க்கலாம். மரமேறும் பாலூட்டிகளில் இப்படி இறங்கத் தெரிந்தவை அதிகம் இல்லை.

வண்டலூர் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. வெப்பம் 25 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே இந்த விலங்கு தவித்துப்போகும். மே மாதத்தில் சென்னையிலும் மதுரையிலும் இரவில்கூட அந்த அளவுக்குத் தணிவது அரிது. கண்ணாடிக்குள் குளிரூட்டி வளர்க்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை மின்சாரம் தடைபட்டால் அதன் உயிருக்கே ஆபத்தாகிவிடும் ஓர் இடத்தில், நாம் பார்ப்பதற்காக மட்டும் அதைக் கொண்டுவந்து வைக்க நமக்கு என்ன உரிமை? டார்ஜிலிங் பூங்கா அதை வளர்ப்பதற்குக் காரணம் வேறு. காடழிப்பாலும், வேட்டைக்கண்ணிகளாலும், ஊர்நாய்கள் பரப்பும் நோயாலும் எண்ணிக்கை குறைந்துவரும் இனத்தை அங்கே பெருக்குகிறார்கள். அங்கே வளர்ந்த இரண்டு பெண் பாண்டாக்களை 2003-இல் சிங்காலிலா தேசியப் பூங்காவின் காட்டில் விட்டார்கள். பார்வையாளர்களாகிய நாம் அந்த வேலையின் ஓரத்தில் நிற்க அனுமதிக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான்.

மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விலங்கைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க டார்ஜிலிங் வரை போகவும் தேவையில்லை. திருமங்கலத்திலிருந்து திருவில்லிபுத்தூர் ஒரு காலைப்பொழுதுப் பயணம்தான். அங்கே 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகவே சரணாலயம் அறிவித்தார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் மரங்களின் உச்சிக் கிளைகளில் இலையும் சுள்ளியும் சேர்த்துக் கட்டிய அதன் கூடுகளை முதலில் தேடச் சொல்லுங்கள். கூடு தென்பட்டபின் அணில் வரும்வரை அமைதியாக உட்கார்ந்திருக்க அவளுக்குத் தானாகவே பொறுமை வரும். காடு தற்போது புலிகள் காப்பகத்துக்குள் வருவதால், எதுவரை போகலாம் என்று வனத்துறையினரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். உச்சிவேளையில் அந்த அணிலும் கிளையோடு கிளையாகப் படுத்துவிடும்.