விக்டோரியா காலத்து விவசாய ஊரில் சந்தை நாள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் சிறு விவசாய ஊர்களில் வியாபாரம் எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் சந்தை நாளைச் சுற்றித்தான். பண்ணைப் பெண்கள் வெண்ணெயும் முட்டையும் கொண்டுவருவார்கள். வர முடியாதவர்கள் வண்டிக்காரரிடம் வேண்டியதைச் சொல்லியனுப்புவார்கள்.

சுவாரசியமானது தானிய வியாபாரம். மூட்டை சந்தைக்கே வராது! விவசாயி சிறு பையில் மாதிரிக் கோதுமை கொண்டுவருவார். வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, கடித்துப் பார்த்து விலை பேசுவார். அதற்கென்றே தானிய மாளிகைகள் எழுந்தன. கிழக்கு இங்கிலாந்தின் சந்தை ஊரான பரி செயின்ட் எட்மண்ட்ஸில் 1862இல் கட்டி முடித்த மாளிகை இன்றும் நிற்கிறது.

மளிகைக் கடைக்குச் சர்க்கரை கூம்பு கூம்பாக வரும். உடைத்து, நிறுத்து, காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவார்கள். கடன் கணக்கு சாதாரணம். கலப்படமும் அப்படியே: ரொட்டி வெளுப்பாகத் தெரிய மாவில் படிகாரம் சேர்த்தார்கள். அதற்கு உருப்படியான கடிவாளம் போட்ட சட்டம் 1875இல்தான் வந்தது.