வீட்டு மின்சாரம், வாசகர் கேள்வி – பதில்: சீலிங்கில் பதிக்கும் 12 வோல்ட் விளக்குகள்

கேள்வி: எங்களுடையது செங்கோட்டையை அடுத்த புளியரையில் உள்ள பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங் அமைத்து, அதில் ஆறு 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குகளைப் பதிக்க இருக்கிறோம். வேலைக்கு வந்தவர், "பன்னிரண்டு வோல்ட்தானே அம்மா, தொட்டாலும் ஒன்றும் செய்யாது" என்கிறார். ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி, டிரைவரை (230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) சீலிங்கின் மேலேயே போட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். இது சரிதானா? – ஒரு வாசகி, புளியரை

பதில்: அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. 12 வோல்ட்டில் ஷாக் அடிக்கும் அபாயம் மிகக் குறைவு என்பது சரி. ஆனால் தீப்பிடிக்கும் அபாயம் வோல்ட்டேஜோடு சேர்ந்து குறைந்துவிடுவதில்லை. 50 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் எரியும்போது ஏறத்தாழ 0.22 ஆம்பியரை இழுக்கும். அதே 50 வாட்டை 12 வோல்ட்டில் பெற வேண்டுமானால் 4 ஆம்பியருக்கும் மேல் ஓட வேண்டும். தளர்ந்த இணைப்பில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப உயர்வதால், அதே மோசமான இணைப்பு 12 வோல்ட்டில் முந்நூறு மடங்குக்கும் அதிகமாகக் கொதிக்கும். உங்கள் விளக்குகள் ஐந்து வாட் எல்.இ.டி. என்றாலும், ஆறும் சேர்ந்து 2.5 ஆம்பியர் ஆகிறது. முறுக்கிச் சுற்றிய டேப் சில கோடைகளில் பசை விட்டுப் பிரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு இணைப்பும் திருகு வைத்த கனெக்டரில், மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது டிரைவர். அதன் ஒரு பக்கம் 12 வோல்ட் என்றாலும், மறுபக்கம் முழு 230 வோல்ட் என்பதை மறக்கக் கூடாது. மேலும், மலிவான சில டிரைவர்களில் உள்ளே வரும் மின்சாரமும் வெளியே போகும் மின்சாரமும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதில்லை. அவற்றின் வெளியீட்டைத் தொடுவது வீட்டு லைனைத் தொடுவதற்குச் சமம். எனவே பெட்டியின் மேல் எஸ்.இ.எல்.வி. (வீட்டு லைனிலிருந்து பிரிக்கப்பட்ட, பாதுகாப்பான தாழ்ந்த வோல்ட்டேஜ்) என்ற எழுத்துகளும், ஐ.எஸ். 15885 என்ற தர எண்ணும் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். ஆறு விளக்குக்கு 30 வாட் வேண்டும் என்றால் 40 வாட் டிரைவரை வாங்குங்கள். முழுப் பாரத்தில் ஓயாமல் ஓடும் டிரைவர் நீண்ட நாள் உழைக்காது.

ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரலில் மாதக்கணக்கில் நனையும் ஓடு எங்காவது ஓரிடத்தில் ஒழுகத்தான் செய்யும். அந்தத் துளி டிரைவரின் மேல் விழக் கூடாது. எலி கொண்டுவந்து சேர்க்கும் சருகும் தென்னை நாரும் சூடான பெட்டியைச் சுற்றிக் குவிவதும் நம் பகுதி மச்சுகளில் வழக்கமான காட்சி. ஆகவே டிரைவரைச் சீலிங்கின் மேல் போடாமல், சுவரில் கைக்கெட்டும் உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள். அதற்கு வழியே இல்லை என்றால், ஜிப்சத்தில் திறந்து மூடக்கூடிய கதவு ஒன்று கட்டாயம் வேண்டும். விளக்கின் பின்பக்கத்தைத் தெர்மோகோலால் மூடாதீர்கள். 230 வோல்ட் ஒயரையும் 12 வோல்ட் ஒயரையும் ஒரே பைப்பில் இழுக்கவும் கூடாது. டிரைவருக்குப் போகும் 230 வோல்ட் லைன், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் பாதுகாப்பில் இருக்கட்டும்.

வேலை தொடங்கும் முன் மெயினை அணைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், மெயினை அணைத்த மறுநொடியே அது அதே ஒயர்களில் 230 வோல்ட்டைச் செலுத்தத் தொடங்கிவிடும். அதையும் அணைத்து, டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே வேலை செய்யும் இடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். இதை வலியுறுத்தத் தயங்காதீர்கள். ஏணி மேல் நிற்பவருடைய உயிர் இதில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் கூடத்தில் ஆறு 12 வோல்ட் விளக்குகள் வரிசையாக உள்ளன. டிரைவரை ஒட்டியவை பளிச்சென்றும், கடைசி இரண்டும் மங்கலாகவும் எரிகின்றன. விளக்குகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. – ஒரு வாசகர், தென்மலை

பதில்: குறை விளக்கில் இல்லை, ஒயரில் இருக்கிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் பத்து மீட்டர் போய்த் திரும்பினால் அதன் மின்தடை ஏறத்தாழ அரை ஓம் ஆகும், 2.5 ஆம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 230 வோல்ட்டில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது, 12 வோல்ட்டிலோ இது பத்தில் ஒரு பங்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு மாறினால் இழப்பு பாதியாகும். டிரைவரை அறையின் நடுப்பகுதிக்கு மாற்றி, அங்கிருந்து விளக்குகளுக்குத் தனித்தனியே ஒயர் இழுப்பது இன்னும் நல்லது.

கேள்வி: பழைய ஹாலோஜன் விளக்குகளை எடுத்துவிட்டு, அதே எலெக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரில் எல்.இ.டி. போடலாமா? – ஒரு வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். அந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவும் ஒரு குறைந்தபட்சப் பாரம் இருந்தால்தான் சீராக இயங்கும். ஐந்து வாட் எல்.இ.டி.யை மாட்டினால் விளக்கு விட்டுவிட்டு எரியும். எல்.இ.டி.க்கு உரிய டிரைவரைப் புதிதாகவே வாங்குங்கள். ஹாலோஜன் எரிந்த துளைகளைச் சுற்றியுள்ள ஒயரின் உறை, அந்தச் சூட்டில் வெந்து நொறுங்கியிருக்கக்கூடும். விரலால் வளைத்துப் பார்க்கச் சொல்லி, வெடிப்பு தெரிந்தால் அந்தத் துண்டையும் மாற்றிவிடுங்கள்.