பீடத்தில் என்ன எழுதுவீர்கள்?

கேள்வி: போர்முனையில் உயிர் நீத்த எங்கள் ஊர் ராணுவ வீரருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அவருடைய வீரத்துக்குச் சிலையைவிடச் சிறந்த மரியாதை உண்டா?

பதில்: உண்டு. சிலையும் வையுங்கள், ஆனால் அதன் பீடத்தில் என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 'மாவீரர்', 'வீரத்திருமகன்' என்று இரண்டு அடைமொழிகள், பிறந்த நாள், இறந்த நாள், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் திறந்து வைத்தவரின் பெயரும் பதவியும் என்றுதான் பெரும்பாலான கல்வெட்டுகள் அமைகின்றன. இந்த வழக்கத்தின் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. எந்த மலையில், எந்த இரவில், என்ன செய்து அந்த மனிதர் மடிந்தார் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்காத பீடத்தில், அரை மணி நேரம் வந்து போனவருக்கு மூன்று வரி எதற்கு?

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகல்லில் 'கல் பேடு தீயன் அந்துவன் கூடல் ஊர் ஆகோள்' என்று மட்டுமே இருக்கிறது. மாண்டவன் பெயர், ஊர், அவன் உயிரைக் கொடுத்த ஆநிரைப் பூசல், அதாவது மாடுகளைக் கவரும் சண்டை. அவ்வளவுதான், ஓர் அடைமொழி கிடையாது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லோ கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் பெயர் சொல்லிப் பொறித்து வைத்திருக்கிறது. ஒரு நாய் செய்ததைக்கூட விடாமல் எழுதிய நாட்டில், எல்லையில் இறந்த மகன் செய்ததை எழுதாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

எழுதுவதற்குச் செய்தியும் இருக்கிறது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன், பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்தவர், 1999 மே 28-ஆம் தேதி இரவு கார்கில் போரின் பட்டாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்த எதிரி நிலையைத் தாக்கச் சென்றார். ராக்கெட் லாஞ்சரால் சுட்டு எதிரிகள் இருவரை வீழ்த்தினார். குண்டுச் சிதறல் வயிற்றில் பாய்ந்த பின்னும் பின்வாங்காமல் போரிட்டு, தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா விருது பெற்ற இந்தச் செயலைத் தெரிந்துகொண்ட சிறுவனுக்கு 'மாவீரர்' என்ற சொல்லை நாம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தகைய விருதுகள் ஒவ்வொன்றோடும், உடன் நின்று போரிட்டவர்கள் கண்டதை ஆதாரமாகக் கொண்ட சான்றுரை ஒன்று உண்டு. குடியரசுத் தலைவர் மாளிகையில் அது வாசிக்கப்படும்போது, இறந்தவரின் தாயோ மனைவியோ குடியரசுத் தலைவர் முன்னால் கைகூப்பி நிற்கிறார். வாசிப்பது இந்தியிலோ ஆங்கிலத்திலோதான். தன் பிள்ளை கடைசி நிமிடங்களில் என்ன செய்தான் என்பதை அந்தத் தாய் தன் மொழியில் கேட்க வேண்டாமா? டெல்லி தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அத்தனை பேருக்கு நடுவே பெயருக்கும் படைப்பிரிவுக்கும்தான் இடம் இருக்கும். உங்கள் ஊரில் அந்த நெருக்கடி இல்லை.

ஆகவே, உங்கள் வீரர் விருது பெற்றவர் என்றால் அந்தச் சான்றுரையைப் பெற்று, நல்ல தமிழில் ஆக்கி, ஒரு சொல்லும் கூட்டாமல் பீடத்தில் பொறியுங்கள். அவர் படித்த பள்ளியில் ஆண்டுதோறும் அதை வாசிக்கச் செய்யுங்கள். விருது பெறாதவர் என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியே அவருடைய படைப்பிரிவுக்கு எழுதி, அன்று பக்கத்தில் இருந்தவர்களைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு நினைவிருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிற்பியிடம் அதன் பிறகு போகலாம்.