1631 வெசூவியஸ் வெடிப்பு, ஸ்பெயினுக்கு வெளியே ஸ்பானிய மொழிப் பதிப்பை எப்படிப் பாதித்தது?

முதலில் ஒரு திருத்தம். வெசூவியஸ் எரிமலைக்குப் பக்கத்தில், இத்தாலியில் உள்ள நேப்பிள்ஸ் ஸ்பெயின் மண்ணில் இல்லை, ஆனால் அன்று ஸ்பெயின் அரசரின் ஆளுகையில் இருந்த ராஜ்யம். வைசிராய், அதிகாரிகள், படைவீரர்கள் என்று ஸ்பானியம் வாசிப்பவர்கள் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். வெடிப்பு புதிய வாசகர்களை உண்டாக்கவில்லை. இருந்தவர்களுக்கு உடனே விற்கக்கூடிய சரக்கைக் கொடுத்தது.

டிசம்பர் 16 காலை மலை வெடித்தது. மறுநாள் மலைச்சரிவில் இறங்கிய எரிமுகிலில் (சுடுசாம்பலும் வாயுவும் கலந்த பாய்ச்சலில்) டோரே டெல் கிரேகோ போன்ற ஊர்கள் அழிந்தன. இறந்தவர்கள் 3,000 முதல் 6,000 வரை என்பது பொதுவான மதிப்பீடு. இதைப் பற்றி எழுதப்பட்டவை 200-க்கும் மேல். பெரும்பாலானவை இத்தாலியனிலும் லத்தீனிலும்தான். ஸ்பானியப் பங்கு சிறியது. ஆனால் அதன் வடிவம் கவனிக்கத் தக்கது.

அந்த வடிவத்துக்குப் பெயர் 'ரெலாசியோன்', அதாவது நடந்ததைச் சொல்லும் செய்தித் துண்டு. ஒரு முழுத்தாளை இருமுறை மடித்தால் 4 இலை, 8 பக்கம். தாளின் ஒரு புறத்துக்காகச் சேர்த்துப் பூட்டிய பக்கங்களின் தொகுதிக்குப் பாரம் என்று பெயர். ஒரு பாரத்தில் 1, 4, 5, 8 பக்கங்கள். தாளின் மறுபுறத்துக்கான பாரத்தில் 2, 3, 6, 7. அச்சு இயந்திரத்துக்கு இரண்டு பேர் நின்றால் ஒரு நாளில் 1,000 முதல் 1,500 தாள் வரை ஓட்டலாம். தடிப் புத்தகம் காகிதத்தில் போட்ட பணத்தை மாதக்கணக்கில் முடக்கிவிடும். ரெலாசியோன் சில நாட்களில் காசாகிவிடும்.

அவசரத்தின் விலையும் உண்டு. பாரம் பாரமாக எழுத்துக் கோக்கும் வழக்கத்தில் 2-ஆம் பக்கத்துக்கு முன்பே 4-ஆம் பக்கத்தைக் கோக்க வேண்டும். எந்தப் பக்கம் எந்தச் சொல்லில் முடியும் என்று கையெழுத்துப் பிரதியை முன்கூட்டியே எண்ணிக் குறிப்பார்கள். கணக்குக் கொஞ்சம் தப்பினாலும் ஒரு பக்கத்தில் வரிகள் நெருங்கி, சொற்கள் சுருக்கக் குறிகளாகும். இன்னொரு பக்கத்தில் இடம் மிஞ்சிப் பூ வேலை செய்த அச்சுக்கட்டையை வைத்து அடைப்பார்கள்.

இத்தாலிய அச்சகத்துக்கு இன்னொரு தலைவலி, அச்செழுத்துகளை வைத்திருக்கும் எழுத்துப் பெட்டி. தலையில் அலைக்கோடு போட்ட 'என்' (ñ), வால் வைத்த 'சி' (ç) இரண்டும் இத்தாலியனுக்குத் தேவையில்லை. 'ஒய்' (y) எழுத்தும் அதற்கு அரிது. ஸ்பானியத்திலோ 'உம்' என்ற பொருளுக்கு அந்த ஒற்றை எழுத்துதான் சொல், வரிக்கு வரி வேண்டும். எழுத்து தீர்ந்தால் அலைக்கோடு இல்லாத 'என்' வந்து உட்காரும். கை பழக்கத்தில் இத்தாலிய முறைப்படி 'ஜி', 'என்' இரண்டையும் சேர்த்து (gn) கோப்பதும் நடக்கும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு ஸ்பானியம் தெரியாவிட்டால் பிழை அப்படியே அச்சேறும்.

உள்ளடக்கத்திலும் ஒரு சாய்வு உண்டு. அன்று அச்சிட மேலிட அனுமதி தேவைப்பட்டது. வைசிராய் மோன்டெர்ரேய் கோமகன் அகதிகளுக்குச் செய்த ஏற்பாடுகளுக்கும், கர்தினால் போன்கொம்பாஞ்ஞி நடத்திய, நேப்பிள்ஸின் காவல் புனிதரான ஜென்னாரோவின் ஊர்வலத்துக்கும் இந்த எழுத்துகளில் முக்கிய இடம். இவற்றை வெறும் பேரிடர்ச் செய்தியாக வாசிப்பது போதாது என்பது என் கருத்து. ஆட்சிக்கான விளம்பரமும் கலந்திருக்கிறது.

நூலகப் பட்டியலில் தேடுவோர் பெயர்களில் ஏமாறக்கூடாது. சிமோன் தே ஆயாலாவின் ரெலாசியோன் 1632-இல் நேப்பிள்ஸில் வந்தது. அச்சகர் 'ஒக்தாவியோ பெல்த்ரான்'. இத்தாலியப் புத்தகங்களில் ஒத்தாவியோ பெல்த்ரானோ என்று வருபவரும் அவரே. அதே ஆண்டு மாட்ரிட்டில் வெளியான ஹுவான் தே கிஞோனெஸின் நூல், தலைப்பிலேயே வெசூவியஸை 'இப்போது சோமா மலை' என்கிறது. வெடிப்பைக் குறிக்கும் இன்றைய ஸ்பானியச் சொல்லான 'எருப்சியோன்' என்று தேடினால் பெரும்பாலும் கை வெறுமையாகத்தான் திரும்பும். அன்று எரிமலை வெடிப்புக்கு அவர்கள் வைத்த சொல் 'இன்சென்டியோ', தீப்பிடிப்பு. அந்தச் சொல்லோடு சோமாவையும் சேர்த்துத் தேடுங்கள்.