சேஃப்டி போட்டிருந்தாலும் துப்பாக்கி தானாக வெடிக்குமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் துப்பாக்கியோடு வருபவர், "சேஃப்டி போட்டாச்சு, பயப்படாதீங்க" என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக்க நம்ப வேண்டாம்.

சேஃப்டி என்பது துப்பாக்கி தவறிச் சுடாமல் இருக்கப் போடும் பூட்டு. பல துப்பாக்கிகளில் அது விரலால் இழுக்கும் விசையை மட்டும்தான் பிடித்து நிறுத்தும், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை அல்ல. உள்ளே ஊசியைத் தடுத்து வைத்திருப்பது ஒரு சின்னக் கொக்கி. அது தேய்ந்தாலோ, அழுக்கும் பழைய எண்ணெயும் இறுகி அரைகுறையாகப் பிடித்தாலோ, கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கலாம்.

அமெரிக்காவில் 1962-ல் வந்த ரெமிங்டன் 700 ரைஃபிள் மேல் இதே மாதிரிப் புகார்: விசையைத் தொடாமலே, சேஃப்டியை விடுவித்ததும் சுட்டுவிட்டது என்று பலர் வழக்குப் போட்டார்கள். கம்பெனி குறையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் விசையை இலவசமாக மாற்றித் தர சமரசம் செய்துகொண்டது. அதன் பழைய துப்பாக்கிகளில் தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விடுவிக்க வேண்டும். என்ன வடிவமைப்போ!

கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவு தரலாம் என்பதால், ராத்திரி வரப்பில் துப்பாக்கி நடமாட்டம் கூடியிருக்கிறது. ஜீப்பில் ஏறும்போதும் வேலி தாண்டும்போதும் தோட்டாவைக் கழற்றச் சொல்லுங்கள். தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மாகசினைக் கழற்றினால் மட்டும் போதாது. குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்கட்டும். அதுவரை குழல் தரையைப் பார்த்தே இருக்கட்டும். அப்புறம், நீங்கள் அவருக்கு முன்னால் நடக்காதீர்கள்.