காலரா: கேள்வி பதில்

நீர்வழித் தொற்றுநோய்களின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்தும் கற்பித்தும் வருகிறேன். கொள்ளைநோய்கள் குறித்து நீங்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் தருகிறேன். காலரா என்றால் நீளமாகவே எழுதுவேன்.

மீனாட்சி: வரலாற்றில் அதிகம் பேரைக் கொன்ற கொள்ளைநோய் எது?

குறுகிய காலத்தில் என்றால், 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக். மூன்றில் ஒருவரையாவது கொண்டுபோனது. நீண்ட கணக்கில் பெரியம்மை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேர் அதனால் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1980இல் அது உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அன்வர்: கொரோனா ஆய்வகத்தில் உருவானதா?

என் துறை அன்று. வைரஸ் மரபியல் படித்தவர்களிடம் கேளுங்கள்.

செல்வி: நான் பள்ளி ஆசிரியை. காலரா ஒரே நாளில் ஆளைக் கொன்றுவிடும் என்கிறார்கள். எப்படி?

நல்ல கேள்வி, அம்மா. காலராக் கிருமி இரத்தத்தில் கலப்பதில்லை. சிறுகுடலின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு பட்டதும் உடம்பிலுள்ள நீரும் உப்பும் குடலுக்குள் கொட்டத் தொடங்கும். கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். மலம் அரிசி கழுவிய தண்ணீர்போல் இருக்கும். கண் குழிவிழும், விரல் நுனி சுருங்கும், கெண்டைக்காலில் குரக்கு இழுக்கும், குரல் கம்மிவிடும். பெரும்பாலும் நினைவு மட்டும் கடைசிவரை தெளிவாகவே இருக்கும். அதுதான் கொடுமை. இந்த நச்சை 1959இல் கல்கத்தாவில் முயல் குடலை வைத்து நிரூபித்தவர் சம்புநாத் தே. அவர் பெயரை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

நச்சு இவ்வளவு செய்தும் குடலின் ஒரு வாசல் பழுதாவதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் எல்லையில் அகதிகள் குவிந்தார்கள். மருத்துவமனைத் தரையெல்லாம் வாந்தியும் பேதியும். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனோபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸ், சாதாரண உப்பு, சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார். நோயாளியின் உறவினர்களே கோப்பையில் பிடித்துப் புகட்டினார்கள். 30 சதவீத அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் பின்னால் இருப்பது இந்த அனுபவம்.

ஓர் எச்சரிக்கை: ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுத்தால் குழந்தைக்கு ஆபத்து.

முத்துக்குமார்: அடுத்த பெருந்தொற்று எப்போது வரும்?

தேதி சொல்ல யாராலும் முடியாது.

ராஜசேகர்: 1854இல் லண்டன் பிராட் தெருவில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்து காலராவை நிறுத்தினார் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நோய் அதற்கு முன்பே தணிந்துவிட்டது. கட்டுக்கதைதானே?

பாதி சரி, ஐயா. ஆகஸ்ட் 31 இரவு நோய் வெடித்தது. கைப்பிடி செப்டம்பர் 8இல் கழற்றப்பட்டது. அதற்குள் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியதால் சாவு குறைந்துவிட்டது. இதை ஸ்னோவே எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய பெருமை கைப்பிடியில் இல்லை, காலரா தண்ணீரால் பரவுகிறது என்று காட்ட வீடு வீடாக விசாரித்ததில் இருக்கிறது. போலந்து தெருவிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர். சுற்றிலும் சாவு விழுந்தபோது அங்கே இறந்தவர்கள் ஐந்து பேர்தான். அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பம்புக்கு அருகிலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் பீரையே குடித்தார்கள், தப்பினார்கள். தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவைக்குப் பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் ஒரு பெரிய குடுவை வரவழைத்துக் குடித்தார். அந்தப் பகுதியில் வேறு எவருக்கும் காலரா இல்லை, அவர் இறந்தார்.

ருசியாகவும் தெளிவாகவும் இருந்த தண்ணீர் அது. தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. மறுபடியும் சொல்லுவேன்.

ராஜசேகர்: அப்படியானால் கைப்பிடியைக் கழற்றியதால் ஒரு பயனும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

இல்லை. பம்புக்கு எதிரே 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை ஆகஸ்ட் கடைசியில் பேதி கண்டு இறந்தது. தாய் துணிகளை அலசிய நீரை வீட்டின் கழிவுத்தொட்டியில் ஊற்றினார். தொட்டிக்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையே மூன்றடிதான் இருந்தது. செங்கல் சிதைந்து கசிந்தது. முதலில் ஸ்னோவை நம்பாத பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், அவர் தவறென்று காட்டக் கிளம்பி, இந்தக் குழந்தையைக் கண்டுபிடித்து ஸ்னோவின் பக்கம் வந்தார். இனி நாளைக் கவனியுங்கள். அந்தக் குழந்தையின் தந்தைக்குக் காலரா கண்டது செப்டம்பர் 8. கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். அவருடைய கழிவும் அதே தொட்டிக்குத்தான் போயிருக்கும். பம்பு ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது அலை வந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கார்த்திகா: இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். காலராவுக்குக் கிருமி மட்டும் போதாது, மண்ணின் நிலையும் சேர வேண்டும் என்று வாதிட்ட ஜெர்மன் மருத்துவர் பெட்டன்கோஃபர் காலராக் கிருமியையே குடித்துவிட்டுச் சாகாமல் இருந்தாரே? ராஜசேகர் ஐயாவின் சந்தேகத்துக்கு அது வலுச் சேர்க்கவில்லையா?

1892 அக்டோபரில் குடித்தார், லேசான பேதியோடு தப்பினார். வயிற்று அமிலம், குடித்த கிருமியின் வீரியம், உடம்பின் எதிர்ப்பு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மனிதர் பிழைத்ததை வைத்து ஒரு நகரத்தின் சாவை மறுக்க முடியாது. அதே 1892இல் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டது. சில வாரங்களில் 8,600 பேருக்குமேல் இறந்தார்கள். ஒட்டியிருந்த ஆல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு அதே ஆற்றில் நீர் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் இல்லை. காற்றும் மண்ணும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், குழாய் மட்டுமே வேறு. இந்தத் தெருவைப் பார்த்த பிறகும் சந்தேகப்படுபவருக்கு என்னிடம் வேறு சான்று இல்லை.

ராஜசேகர்: ஹாம்பர்க்கை ஏற்கிறேன். ஸ்னோவை இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

போதும் ஐயா. ஸ்னோவே லண்டனில் இரண்டு குடிநீர் நிறுவனங்களை ஒப்பிட்டார். கழிவு கலந்த தேம்ஸ் நீரைக் கொடுத்த நிறுவனத்தில் 10,000 வீட்டுக்கு 315 சாவு; மேலே தள்ளி நீர் எடுத்த நிறுவனத்தில் 37. அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

தேவகி: அடுத்த கொள்ளைநோய் எந்த ஆண்டு வரும்?

முத்துக்குமாருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பழனி: நம் முன்னோர் வாந்திபேதியை மூலிகையாலேயே குணப்படுத்தினார்களாமே?

குணப்படுத்தியிருந்தால் ஊரை விட்டு ஓடியிருக்க மாட்டார்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி உண்மையாகவே உதவும். அரிசி மாவு குடலில் குளுக்கோஸாக உடைகிறது. மற்றதை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

ஜெயந்தி: காலரா இப்போது இல்லைதானே?

இருக்கிறது. 1992இல் ஓ139 என்ற புதிய வகை முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 2010இல் ஹைட்டியின் ஆர்டிபோனிட் ஆற்றில் ஐ.நா. படை முகாமின் கழிவு கலந்து, ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள். காய்ச்சுங்கள், அல்லது குளோரின் போடுங்கள்.

சுகந்தி: என் மூன்று வயது மகனுக்குக் காலையிலிருந்து பேதி. பக்கத்தில் மருத்துவர் இல்லை. என்ன செய்வது?

இதற்குத்தான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும், அம்மா. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாக்கெட் இல்லையென்றால் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு முறை போனபிறகும் அரை டம்ளராவது கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள். துத்தநாக மாத்திரை பற்றி அங்கே கேளுங்கள். மற்றவர்களின் கேள்விகளை நாளை பார்க்கிறேன்.