மியான்மரில் சண்டை நடக்கும்போது பகானுக்குப் போகலாமா?

"பகான் கோயில்களைப் பார்க்க ஆசை, இப்போது போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வயதான பெற்றோரையோ குழந்தைகளையோ அழைத்துப் போவதென்றால், வேண்டாம் என்பதே என் பதில்.

தனியாகப் போகிறவர் நாடு முழுவதற்கும் ஒரே முடிவு செய்யாமல், தாம் போகும் வழி பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து சண்டை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. ராக்கைன் மாநிலத்தின் மிராவுக் ஊ 2024 தொடக்கத்தில், ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் படையின் கைக்குப் போனது; அந்தப் பழைய தலைநகரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பகான் அப்படியில்லை. ஆனால் ஐராவதி ஆற்றின் மறுகரையில் மக்வே பகுதி. அங்கே மோதல் உண்டு. ஆகவே மாண்டலேயிலிருந்து படகோ பஸ்ஸோ வேண்டாம், அருகிலுள்ள நியாங் ஊ விமான நிலையத்தில் இறங்குவதே உசிதம்.

காப்பீட்டுப் பத்திரத்தைப் பொடி எழுத்து வரை படியுங்கள். பெரும்பாலானவை போரால் வரும் இழப்பை ஏற்பதில்லை. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் எச்சரிக்கையையும் பாருங்கள்.

உங்கள் பணம் ராணுவ அரசுக்குப் போகுமே என்ற உறுத்தல் நியாயமானது. நுழைவுக் கட்டணத்தைத் தவிர்க்க முடியாது; தங்குவதும் சாப்பிடுவதும் உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் விடுதிகளிலும் உணவகங்களிலும் இருக்கட்டும்.

போனால், நாத்லாங் சாங் என்ற விஷ்ணு கோயிலைத் தவறவிடாதீர்கள். பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, 'நானாதேசி விண்ணகர்' என்ற விஷ்ணு கோயிலுக்கு மலைமண்டலத்து (இன்றைய கேரளப் பகுதி) வணிகர் ஒருவர் மண்டபம் கட்டிக்கொடுத்ததைச் சொல்கிறது.